பத்து மணி டீ

"யசோதாவுக்கு இதுல பூச்சியம் போடுங்க சேர்," என்றார் ரஸீன், மீன் வைத்த மாலுபனிஸைக் கடித்தபடி.

துறைத் தலைவர் ஜவாஹிர் பேனாவை நிறுத்தினார். "ஆராய்ச்சிக்கும் படிப்பிக்கிறதுக்கும் முழுப் புள்ளி குடுத்தீங்களே?"

"அது வேற. இது சக ஆசிரியர்களோட இணக்கம். வந்த நாள்ல இருந்து ஒருக்காவாவது பத்து மணி டீக்கு வந்திருக்காவா அவ?"

வந்ததில்லைதான். புள்ளிவிபரவியல் துறையில் பத்து மணி டீ என்பது கிட்டத்தட்ட ஒரு பாடம். மடவளையிலிருந்து ரஸீன் வாங்கி வரும் மாலுபனிஸ் இல்லாமல் அது தொடங்காது. அவருடைய கதைகள் தீராமல் அது முடியாது. இன்றைக்கு மதிப்பீட்டுக் கமிட்டியே டீ மேசையில்தான் கூடியிருந்தது.

"பூச்சியம் போட்டா நிரந்தர நியமனம் கிடைக்காது ரஸீன். பாவம், வேலையே போயிரும்."

"துறைன்னா ஒரு குடும்பம் சேர். கூட இருந்து ஒரு டீ குடிக்க முடியாதவ என்ன குடும்பம்?"

ஜவாஹிர் பெருமூச்சு விட்டார். "உங்களுக்கும் இப்ப வகுப்பு இருக்குத்தானே?"

"கணக்கை போர்ட்ல எழுதிட்டுத்தான் வந்தேன். வழமையா அப்படித்தான். முடியிற நேரம் போய்ப் பார்த்தா, எல்லாரும் சரியா செஞ்சு வச்சிருப்பாங்க. அதெல்லாம் நான் பழக்கின பழக்கம்."

"சரி, கையெழுத்தை வைங்க."

ரஸீன் சட்டைப்பையைத் தடவினார். மூக்குக்கண்ணாடி இல்லை.

"வகுப்புல விட்டுட்டேன் போல. எடுத்துட்டு ஓடி வாறேன்."

மாடியேறி வகுப்பு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய கணக்கை போர்டில் பாதி வரை செய்துமுடித்திருந்தாள் யசோதா. கை நிறையச் சுண்ணாம்புத் தூள். பின்வரிசை வரை எல்லோரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் இந்த வகுப்பில் இப்படியொரு அமைதியை நேரில் பார்த்ததே இல்லை.

அவரைக் கண்டதும் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இதைத் தேடித்தானே வந்தீங்க சேர்?"

ரஸீனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எவ்வளவு நாளா இது?"

"வந்ததுல இருந்தேதான். பிள்ளைங்க உங்க மேல புகார் எழுதப் போனாங்க. நான்தான் தடுத்து வச்சேன்."

"என்ன சொல்லி?"

யசோதா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குப் பத்து மணிக்குக் கமிட்டி இருக்குன்னு எப்பவும் சொல்லுவேன் சேர். இன்னைக்குத்தான் அது பொய் இல்ல."