பிறந்தநாள் விதி

"இன்று தொடங்கி முப்பது நாட்களுக்கு, இந்த ஓரிகான் மாநிலத்தில் என் இதயத்தைப் பற்றிக் கேள்வி கேட்க எந்த இன்ஷூரன்ஸ் கொம்பனுக்கும் அதிகாரம் கிடையாது."

லோவெல் ஹாகன் எழுந்து நின்று, காப்பிக் கோப்பையை உயர்த்தி இதைப் பிரகடனம் செய்தபோது உணவக மேசையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மனைவி டார்லீன். மற்றவர் நண்பர் மெர்ல். அவரும் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பான்கேக்கில் கண்ணாக இருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன், செவ்வாய்தோறும் கூடும் அந்த மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். அப்புறம் லோவெலுக்கு பைபாஸ் ஆனது. வாராவாரம் ஆம்புலன்ஸில் கதை தொடங்கும். எட்டாவது நிமிடம் சட்டைப் பொத்தான்கள் அவிழும். முட்டையும் தொத்திறைச்சியும் ஆறிக்கொண்டிருக்க, கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் தழும்பு தரிசனம் கிடைக்கும். ஒருவருக்கு சர்ச்சில் வேலை வந்தது, ஒருவருக்குப் பல்வலி வந்தது, ஒருவர் சாக்குச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. மெர்ல் மட்டும் நின்றார், கருவியைக் கழற்றும் வசதி இருந்ததால்.

பிரகடனத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கட்டாமல் விடும் மிச்சத்தைக் கட்டும் துணைக் காப்பீட்டுக்கு, லோவெலின் கம்பெனி இந்த வருடம் ஒரேயடியாகக் கட்டணத்தை ஏற்றிவிட்டது. அதே பணத்தில்தான் மினசோட்டாவில் மகளுக்குப் பிறந்திருக்கும் குழந்தையைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். வேறு கம்பெனிக்கு மாறலாமென்றால், நெஞ்சைப் பிளந்து தைத்த ஆளை எவன் சேர்ப்பான்? மாநிலச் சட்டத்தில் வருடத்துக்கு ஒரு வழிதான் உண்டு. பிறந்தநாளிலிருந்து முப்பது நாளுக்குள், அதே அளவோ குறைவாகவோ சலுகை தரும் பாலிசிக்கு மாறினால், உடம்பைப் பற்றிக் கம்பெனி ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. அன்றுதான் லோவெலுக்கு எழுபத்துநாலு.

"முழுசையும் சொல்லு லோவெல்," என்றார் டார்லீன். கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார். முதியோர் உதவி எண்ணுக்கும் ஒரு காப்பீட்டு முகவருக்கும் போன் போட்டு, அதன் பின்பக்கத்தில் எல்லாம் குறித்து வைத்திருந்தார். "அவங்க கேக்கக்கூடாது. புது கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நீயும் சொல்லக்கூடாது. யார்கிட்டயும்."

"யார்கிட்டயும்னா?"

"யார்கிட்டயும்."

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். லோவெல் மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோரு வருடம் எச்சரிக்கைப் பலகை நட்டவர். ஆளில்லாத காட்டு ரோட்டிலும் 'நில்' பலகைக்கு நின்று, மூன்று எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். உறையை வாங்கி, இரண்டு தடவை படித்து, மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே டெஸ்ஸா என்ற முகவரிடம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் நலமா என்று கேட்டதற்குக்கூட, "அது சட்டப்படி தவறு," என்று எச்சரித்துவிட்டு வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் பெரும்பாடு. எட்டாவது நிமிடம் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. லோவெல் அதைப் பிடித்து மேசைக்குக் கீழே வைத்தார். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "அப்புறம் மெர்ல், நீ எப்படியிருக்கே?" என்றார். நான்கு வருடத்தில் முதல் தடவை.

லோவெலின் வாய் அசைவது நின்றுவிட்டதைப் பார்த்து மெர்ல் பதறி, கருவியை எடுத்து மாட்டினார். கேள்வியைத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கென்ன. பைபாஸ் ஆகி ஆறு வருஷமாச்சு. நல்லாத்தான் போகுது."

"உனக்கா? சொல்லவேயில்லையே."

"எங்கேப்பா, இடம் கிடைச்சாத்தானே."

லோவெல் இப்போது தழும்பைக் காட்டுவதில்லை என்ற செய்தி ஊருக்குள் பரவியது. மூன்றாவது வாரம் பல்வலிக்காரர் வந்தார். நான்காவது வாரம் மேசையில் மறுபடி ஆறு பேர். மினசோட்டாவிலிருந்து பேசும் மகளும் இப்போது இரண்டு நிமிடத்தில் 'அடுப்பில் பால் பொங்குது' என்று போனை வைத்துவிடுவதில்லை. குழந்தை தும்முவதைக்கூட லோவெல் போனில் கேட்டார்.

இருபத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, புது கார்டு வந்தது. பழைய கட்டணத்தில் பாதியை ஒட்டிய தொகை. டார்லீன் விமான டிக்கெட் போட உட்கார்ந்தார். லோவெல் நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் டெஸ்ஸாவுக்கு நன்றி, பிறகு உணவகம். நான்கு வாரப் பாக்கியை ஆம்புலன்ஸிலிருந்து தொடங்கித் தீர்த்துவிடுவதாக உத்தேசம். மேல் பொத்தான் வழியிலேயே அவிழ்ந்துவிட்டது.

"விதியை ஒரு எழுத்துக்கூட மீறலை," என்றார் டெஸ்ஸாவிடம், பதக்கம் வாங்க வந்தவர் போல. "என் இதயத்தைப் பத்தி ஒரு ஜீவன்கிட்டயும் மூச்சு விடலை."

டெஸ்ஸா முழித்தாள். "நாங்கதான் கேக்கக்கூடாது சார். நீங்க தாராளமா சொல்லலாமே. யார் உங்களைச் சொல்லக்கூடாதுன்னது?"

லோவெல் பர்ஸைத் திறந்து கடித உறையை நீட்டினார். டெஸ்ஸா படித்தாள். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓ, போன மாசம் எனக்குப் போன் பண்ணினது உங்க வீட்டம்மாதானா? பிறந்தநாளை வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை வச்சுக்க முடியுமான்னு கேட்டாங்க."

'லோவெலும் சொல்லக்கூடாது' என்று உறையில் டார்லீன் எழுதியிருந்த கடைசி வரி எந்த மாநிலச் சட்டத்திலும் கிடையாது.