பஜ்ஜி வேன்

வல்லரசுவின் ஸ்கூல் வேன் தெருமுனையில் திரும்பும்போதே பஜ்ஜி வாசனை வந்துவிடும்.

காலடிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அதில் ஏக குஷி. பஜ்ஜி வேன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போதே அகோரப் பசியோடு இறங்கி, தின்ன என்ன இருக்கிறது என்று அம்மாக்களின் உயிரை வாங்கினார்கள்.

அம்மாக்களுக்குத்தான் குஷி இல்லை. யூனிஃபார்மெல்லாம் எண்ணெய் வாடை என்றாள் ஒருத்தி. தெருநாய் ஒன்று வேன் பின்னாலேயே மார்க்கெட் வரைக்கும் ஓடியதாகச் சொன்னாள் இன்னொருத்தி.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வல்லரசு டீசலை விட்டுவிட்டானாம். ஹோட்டல்களில் வடையும் சிக்கனும் பொரித்துக் கழித்த எண்ணெயைச் சுத்தம் செய்து, அதிலிருந்து தயாரிக்கிற பயோடீசலை ஊற்றி ஓட்டுகிறானாம். அதற்காகப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மணலி தாண்டி ஏதோ ஒரு பங்க் வரைக்கும் போய் வருகிறானாம்.

புகை கம்மி, கறுப்பு அடிக்காது என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உண்மையில் இப்போது வேனுக்குப் பின்னால் நின்றால் முகத்தில் கரி படிவதில்லை. ஆனால் யார் போய் வேனுக்குப் பின்னால் நிற்கிறார்கள்?

இந்த நேரம் பார்த்து வேன் நின்று தொலைத்தது. அதுவும் எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், அரையாண்டுப் பரீட்சை அன்றைக்கு.

பழைய டேங்கில் வருஷக்கணக்காய்ப் படிந்திருந்த கசடைப் பயோடீசல் கரைத்துவிடும், அது போய் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், ஃபில்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். வல்லரசு அன்றே மாற்றினான். அதன் பிறகு வேன் நிற்கவே இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பரீட்சைக்கு லேட்டாகப் போனது போனதுதானே.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. இடம், ஞானசெல்வியின் மளிகைக்கடை மாடி. தெருவிலேயே பெரிய கடை அவளுடையது. எந்த விஷயத்திலும் முன்னால் நிற்கிறவளும் அவள்தான். அவள் மகன் ஷிபினும் அந்த வேனில்தான் போகிறான்.

ஹார்பரில் வேலை பார்க்கும் பரசுராமன் ஆரம்பித்தார்.

"இன்னா வல்லரசு, டீசல் காச மிச்சம் புடிக்கத்தான இந்தக் கலீஜ் எண்ணெய ஊத்திகினு கீற?"

"இல்ல சார். வெலயில பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. பசங்களுக்கு நல்லதுன்னுதான்..."

ஞானசெல்வி குறுக்கே வந்தாள்.

"இத்தன வருஷமா டீசல்லதான ஓட்டுனீங்க. எந்தப் பிள்ளைக்கு என்ன வந்துச்சு? ஒரே ஒரு பிள்ள பேரச் சொல்லுங்க பாப்போம்."

வல்லரசு வாயைத் திறந்தான். அவளையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தீங்களா, ஒரு பேரும் வரல" என்றாள் எல்லோரையும் பார்த்து.

பரசுராமன் கொஞ்சம் இறங்கி வந்தார். பழையபடி டீசலுக்கே மாறிவிடு, பிள்ளைகளை அனுப்புகிறோம் என்றார். வல்லரசு முடியாது என்றுவிட்டான். இந்த ஸ்கூல் சவாரியை நம்பித்தான் அவன் குடும்பமே ஓடுகிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இவ்வளவு திமிரா என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

ஞானசெல்வி முடிவையும் கையோடு அறிவித்துவிட்டாள். அவள் ஊர்க்காரர் சுடலைராஜ் வேன் வைத்திருக்கிறார். நாளையிலிருந்து அவர் வருவார். சுத்தமான டீசல் வண்டி, ஒரு வாடையும் அடிக்காது.

கூட்டம் கலைந்தது. வல்லரசு மட்டும் படிக்கட்டோரம் நின்றுகொண்டிருந்தான். கெஞ்சத்தான் நிற்கிறான் என்று நினைத்து, ஞானசெல்வி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

அவன் கெஞ்சவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.

இன்ஹேலர். மூச்சு இழுக்கும்போது வாயில் வைத்து உறிஞ்சுவது.

ஞானசெல்வி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஷிபினுக்கு வீசிங் இருப்பது அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. முந்தின ஸ்கூலில் வெளியே சொல்லப்போய், பிள்ளையை யாரும் விளையாட்டில்கூடச் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தார்கள். பட்டது போதும் என்று, யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என மகனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கிசுகிசுத்தாள்.

"யாரும் சொல்லலக்கா. ஒரு நாளு லாரிங்க நடுவுல மாட்டிக்கினோம். நம்ம வண்டி பொகையும் உள்ள வந்துச்சு. தம்பிக்கு இழுத்துக்கிச்சு. பையில மருந்து இல்ல. தம்பியே பேரு சொல்லிச்சு, மெடிக்கலுக்கு ஓடிப் போயி வாங்கியாந்தேன். யாருக்கும் சொல்லாதண்ணா, அம்மாக்குக்கூட சொல்லாதன்னு அழுதுச்சு. சரின்னு சொல்லிக்கீறேன். அதான் மேல அத்தினி பேரு முன்னால பேரு சொல்ல முடியல."

இந்த மனுஷனையா ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்தினோம் என்று ஞானசெல்விக்கு உடம்பே கூசியது.

வல்லரசு இன்ஹேலரை அவள் கையில் வைத்தான். அவன் குரலில் துளி குத்தல் இல்லை.

"இத நாளைக்கு வர்ற வண்டிக்காரர்கிட்ட குட்த்துடுங்கக்கா. நான் டீசல வுட்டதுலேர்ந்து இத வெளிய எடுக்கவே இல்ல. இனிமே தேவப்படும்."