நெருப்பு வைத்தது யார்

அவசர சிகிச்சை அறை மேசையில் ஒரு தெர்மாமீட்டரும், பாக்டீரியாவைக் கொல்லும் ஊசி மருந்தும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன.

தையல்காரர் மரியசூசை காய்ச்சலோடு வந்தார். தெர்மாமீட்டர் அவர் நாக்கடியில் படுத்துப் பார்த்தது.

“நூத்தி ரெண்டு, அண்ணே. சூடு எவ்வளவுன்னுதான் எனக்குத் தெரியும். நெருப்பு வச்சது பாக்டீரியாவா வைரஸான்னு தெரியாது. ரத்தத்தைச் சோதிச்சிட்டுப் போங்களேன்.”

“அதுக்கெல்லாம் எவன் காத்திருப்பான்? போட்டு வச்சா கெட்டா போயிடும்?” என்று மருந்து ஊசியில் ஏறி உள்ளே பாய்ந்தது.

வந்திருந்தது வைரஸ். மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. மருந்தோ மார்தட்டிக்கொண்டது.

அடுத்த மாதமும் அதே கதை. ஆனால் இந்த முறை தெர்மாமீட்டருக்கு நாக்கடியில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. அந்த உடம்பில் வெகுநாளாகச் சும்மா கிடந்த பாக்டீரியாக்கள் பேசிக்கொண்டிருந்தன.

“இப்படித்தான் வர்றான். இப்படித்தான் அடிக்கிறான். நல்லாப் பார்த்து வச்சுக்கோ.”

“அண்ணே, உள்ள உங்களை யாரோ படிக்கிறாங்க” என்றது தெர்மாமீட்டர்.

மருந்து சிரித்தது.

மழைக்காலத்தில் மரியசூசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நூற்று நான்கு. இந்த முறை நெருப்பு வைத்தது பாக்டீரியாவேதான். மருந்து முழு பலத்தோடு பாய்ந்தது.

உள்ளே அலறல் எழவில்லை. ஆயிரம் குரல்கள் கல்யாண வீட்டார்போல ஒன்றாக வரவேற்றன.

“வாங்கண்ணே, வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்.”

கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை; மரியசூசையின் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது.