அப்பாவின் வாக்கிங்

"அக்கா, அப்பாவுக்கு சீரியஸ்னு சொன்னது பொய்தானே?"

துபாய் விமான நிலையத்திலிருந்து தம்பி சிவகுமார் இப்படிக் கேட்டதும் வினிதாவுக்குத் திக்கென்றது.

"ஏன்டா அப்படிக் கேட்கிற?"

"அவர் போன்ல ஸ்டெப்ஸ் எண்ணுற ஆப் போட்டுக் குடுத்தேனே, அது என் போன்லயும் காட்டும். இன்னிக்குக் காலையில மட்டும் நாலாயிரம் ஸ்டெப்ஸ். செம்பாக்கம் ஏரியையே சுத்திட்டு வந்திருக்காரு. எனக்குப் பொண்ணு பார்க்கத்தானே இந்த டிராமா?"

"நீ முதல்ல வந்து சேருடா."

"இதோ, இப்பவும் நம்பர் ஏறுது. போன் அவர்கிட்டதானே இருக்கு?"

"அவர் சட்டைப் பையிலதான் இருக்கு" என்றாள் வினிதா. அது மட்டும் பொய்யில்லை.

அப்பா ஜெயவேலு முந்தின நாள் மாலையே காலமாகிவிட்டார். அவ்வளவு தூரம் தனியாக வருகிறவனிடம் போட்டு உடைக்க வேண்டாம், சீரியஸ் என்று மட்டும் சொல் என்றார் சித்தப்பா. இப்போது ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார் அப்பா. எந்நேரமும் கையில் வைத்திருந்த போன் கூடவே இருக்கட்டும் என்று அம்மாதான் பையில் வைத்தாள்.

வினிதா அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பெட்டியின் மோட்டார் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஓ, இந்த அதிர்வைத்தான் போன் நடை என்று எண்ணுகிறது! அவளுக்கு மூச்சு வந்தது.

அப்போது கரண்ட் போனது. மோட்டார் அடங்கியது.

"பாருக்கா" என்று சிரித்தான் சிவகுமார். "இப்பதான் வேகமா நடக்கிறாரு."