இரண்டு கையும் வேண்டும்

"ஐயோ, அந்தக் கல்லு மேல விடாதே டார்லா! இடது பக்கம் ஒடி... இடது பக்கம்!"

வெண்டல் கத்தி முடிப்பதற்குள் ஜீப் பாறைப்படியில் வயிற்றை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றியது. ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் பைன் மரங்களுக்குக் கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது.

"மாட்டிக்கிச்சு" என்றாள் டார்லா. "இறங்கி வழி காட்டேன்."

"நானா? இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

பனி உருகுகிற நாளில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையைப் படுக்கப் போட்டுவிட்டது. கால் தேறியது. பழக்கினால் கையும் தேறும், மடியிலேயே போட்டு வைத்தால் மரக்கட்டையாகிவிடும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். வெண்டல் கேட்டால்தானே! பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை, "செத்த கைக்கு எதுக்கும்மா டிரில்?" என்று விரட்டிவிட்டார். மனைவி டார்லா கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. முதல் பனி விழுந்து பாதையை அடைப்பதற்குள் அவருக்குப் பிடித்த பள்ளத்தாக்குக்கு ஒரு நடை போய்வரலாம் என்று இன்றைக்கு அவளே சாவியை எடுத்தாள்.

மேலிருந்து இறங்கி வந்த வண்டி ஒன்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அதிலிருந்து டெரிக் இறங்கினான். இந்தக் காட்டில் மாட்டிக்கொள்கிறவர்களை இழுத்துவிடுகிற சங்கத்து ஆள்.

வெண்டலுக்கு உயிர் வந்தது. "டெரிக், நீ கை காட்டுப்பா!"

"அவங்க உங்களையில்ல கூப்பிட்டாங்க? வண்டிக்கு ஒருத்தர்தான் கை காட்டணும். ரெண்டு பேர் காட்டினா நேரா ஓடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, டெரிக் பாறையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

வெண்டல் முனகிக்கொண்டே இறங்கி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். ஓடை இரைச்சலில் பேச்சு எடுபடாது, கைதான் பேச வேண்டும். ஒரு கை திசை சொல்லும். மறு கை வா, நில் என்று சொல்லும். அவர் இடது கையை மட்டும் ஆட்டினார்.

டார்லா தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "ஒத்தைக் கையில சொன்னா எனக்கு என்ன எழவு புரியும்? திரும்பறதா, நிக்கறதா?"

"அவ்வளவுதான் முடியும்!"

ஜீப் ஒரு முழம் பின்னால் சறுக்கி ஓடைப் பக்கம் சாய்ந்தது.

வெண்டலின் முகம் வெளுத்தது. "டார்லா!" வலது கை இடுப்புவரை எழுந்து தொப்பென்று விழுந்தது. பல்லைக் கடித்தார். மறுபடி எழுந்தது. நடுங்கி நடுங்கி நெஞ்சு உயரத்துக்கு வந்தது. சுருண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. இடது கை திசை காட்ட, வலது கை 'வா, வா' என்று அழைத்தது.

ஜீப் உறுமிக்கொண்டு ஏறி மேலே வந்தது.

டார்லா குதித்து இறங்கி ஓடிவந்து, அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காபி பிளாஸ்க் எடுக்க வண்டிக்குப் போனாள்.

வெண்டல் டெரிக்கின் மேல் பாய்ந்தார். "ஒரு பொம்பளை உயிருக்குப் போராடறா, நீ பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கறியே! அவளுக்கு இந்தப் பாறையில ஏறத் தெரியுமா?"

டெரிக் வண்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏறறதை முதல் வாரமே கத்துக்கிட்டாங்க வெண்டல். கவிழாம மாட்டிக்கறதுக்குத்தான் கோடை முழுக்க என்கிட்ட பயிற்சி எடுத்தாங்க."