தண்டனை இடமாற்றம்

“எப்பிடியாவது மீராமுகைதீன் மாஸ்டரை இறக்காமத்துக்கு அனுப்பாமப் பண்ணுங்க லோயர் சேர். அவர் கல்முனையிலயே இரிக்கட்டும்!”

சொல்லி முடிப்பதற்குள் சபூறா முக்காட்டுத் தொங்கலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்த அவளுடைய மூத்த சகோதரர் பக்கீர் காக்கா, கையிலிருந்த தயிர்ச் சட்டியைப் பூனைபோல மேசைக்குக் கீழே நகர்த்தினார்.

ஹமீட் லோயருக்கு அழுகை பிடிக்காது. தயிர் பிடிக்கும். அதனால் உட்காரச் சொன்னார்.

“இஞ்ச பாருங்க. இடமாத்தத்துக்கு எதிரா வழக்குப் பேசுற லேசுப்பட்ட வேலையில்ல. புது அரசியல் யாப்பு வந்த பொறகு கொழும்புக்குத்தான் ஓடணும். ‘சேவையின் தேவை கருதி’ எண்டு கல்விக் கந்தோர் அதிகாரி ஒரு வரி எழுதிட்டானெண்டா வழக்குக் கேக்கிற கோடும் கையை விரிச்சிரும். அதிலயும் இது தண்டனை இடமாத்தமாமே?”

“தண்டனைதான் சேர். பெரிய தண்டனை,” என்று மூக்கை உறிஞ்சினாள் சபூறா.

“மாஸ்டர் அப்பிடி என்ன செஞ்ச?”

“ஒண்டும் செய்யல்ல சேர்,” என்றார் பக்கீர். “அவர் ஒண்டுமே செய்யிறல்ல. கல்முனை முழுக்கக் கேட்டுப் பாத்திட்டம்.”

இப்படி அடித்துச் சொல்ல ஆள் கிடைத்தால் எந்த லோயருக்கும் உற்சாகம் வரும். ஹமீட் பேனாவைத் திறந்தார்.

“அவரேன் வரல்ல?”

“இந்நேரம் நித்திரையா இரிப்பார்.”

பாவம், கவலையில் படுத்துவிட்டார் போலிருக்கிறது என்று ஹமீட்டின் மனம் இளகியது.

“வகுப்பில ஆள் எப்பிடி?”

“கணக்குப் பாடம் சேர். அடிக்கிறல்ல, ஏசுறல்ல. கதிரையில சாஞ்சாரெண்டா மணி அடிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் இரியாது.”

“புள்ளைகள் பாஸாகுதா?”

“கல்முனைப் புள்ளைகளெல்லாம் பாஸ் சேர். பின்னேரம் ரியூசனுக்குப் போகுதுகள்தானே.”

‘அமைதியானவர், மாணவர் தேர்ச்சி திருப்தி’ என்று ஹமீட் சுறுசுறுப்பாக எழுதினார். இப்பேர்ப்பட்ட மனிதரையா காட்டுக்குத் துரத்துகிறார்கள்! அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“சரி, இறக்காமத்தில என்ன கஷ்டம்? அதைச் சொன்னாத்தான் கோடு இரங்கும். ஆனை வருமாமே?”

“ஆனை வரும்தான். அது பெரிய காரியமில்ல சேர்,” என்றார் பக்கீர்.

ஆனையே பெரிய காரியமில்லை என்றால் வழக்குக்கு வேறு என்ன இருக்கிறது? ஹமீட் கொஞ்சம் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“பிடிச்சிட்டன்! நம்மட பக்கத்தில மாப்பிள்ளை பொண்டாட்டி வீட்டிலதானே வாழுற. அவரைக் கிளப்பினா அந்த வீடு என்ன ஆகும்? இதை வச்சே வாதாடுவம். அழாதீங்க தங்கச்சி, உங்கட புருசனை உங்கட வீட்டு வாசலை விட்டு ஓரடி நகர விடமாட்டன்!”

சபூறாவின் அழுகை பட்டென்று நின்றது. கதிரையை விட்டு எழும்பியே விட்டாள்.

“தௌபா! ஆரு சேர் என்ட புருசன்? என்ட புருசன் அங்க வயல்ல நிக்கார்!”

ஹமீட்டின் பேனா அந்தரத்தில் நின்றது.

“அப்ப நீங்க மாஸ்டருக்கு யாரு? பாதிக்கப்பட்ட ஆள்தானே கையெழுத்து வைக்கணும்?”

“பாதிக்கப்படப் போற நாங்கதான் சேர்,” என்றார் பக்கீர். “நாங்க இறக்காமத்து ஆக்கள்.”

“ரியூசன் இல்லாத ஊரு சேர். இரிக்கப் போற ஒரேயொரு கணக்கு மாஸ்டரும் இவரெண்டா என்ட மகன் எப்பிடி ஓ.எல். சோதனை பாஸாகிற?” சபூறாவுக்கு மறுபடியும் அழுகை முட்டியது. “ஆனையெண்டா வெடி கொளுத்திக் கலைச்சிருவம். இவரை எதைக் கொளுத்திக் கலைக்கிற?”