ஆணழகன் சின்னச்சாமி

“மேடை ஏறப்போறது நான். உனக்கு எதுக்குண்ணே இம்புட்டு வேர்க்குது?”

கோட்டைச் சரிசெய்துகொண்டே சின்னச்சாமி சிரித்தான். அண்ணன் கண்ணுச்சாமி நெற்றியைத் துடைத்தபடி அவனையே பார்த்தான். தம்பி மறுபடி சிரிக்க ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது.

நிச்சயித்த கல்யாணம் நின்றதிலிருந்து அறையை விட்டு வெளியே வராதவன். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுவதைத் தவிர கண்ணுச்சாமிக்கு வேறொன்றும் தெரியவில்லை. போன வாரம் திடீரென்று சவரம் செய்து, குளித்துவிட்டு வந்து, “மாடல் போட்டிக்குப் போறேண்ணே” என்றான்.

பசுமலையில் அந்தக் கல்லூரி அரங்கம் நிரம்பி வழிந்தது. மனநல விழிப்புணர்வுக்காக நடக்கும் ஆண் மாடல் போட்டி. மேடையில் நடந்து முடித்தவர்களிடம் நடுவர் பிருந்தா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். அவர் மனநல மருத்துவர்.

“மனசு ஒடஞ்சுபோன நண்பனுக்கு என்ன செய்வீங்க?”

மற்றவர்கள் தன்னம்பிக்கை, யோகா என்றெல்லாம் அடுக்கினார்கள்.

“ஒண்ணும் கேக்க மாட்டேன் மேடம்” என்றான் சின்னச்சாமி. “கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவான். பேசாமப் பக்கத்துல உக்காந்துக்கிருவேன்.”

அரங்கம் எழுந்து கைதட்டியது. முதல் பரிசு அவனுக்குத்தான்.

பிருந்தா கண்ணுச்சாமியைத் தேடி வந்தார். “உங்க தம்பி இதெல்லாம் எங்க கத்துக்கிட்டார்?”

“பட்டுத் தெரிஞ்சுக்கிட்டான் மேடம். ஆறு மாசமா நடைப்பிணமாக் கெடந்தான். இப்ப ஒரு வாரமா ஒரே சிரிப்பு. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயிப் பாத்துட்டு வந்தான். உசிரா வச்சிருந்த பைக்கைக்கூட, நீயே வச்சுக்கண்ணேன்னு குடுத்துட்டான்!”

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“இல்ல மேடம், தானாவே கொணமாயிட்டான்.”

பிருந்தாவின் முகம் மாறியது. “ஓடுங்க. போய் அவர் கையைப் பிடிச்சுக்கங்க. நான் பின்னாடியே வர்றேன்.”

எதற்கென்று கண்ணுச்சாமிக்கு விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினான். தலையில் கிரீடத்தோடு கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான் சின்னச்சாமி. அவன் கையை இறுகப் பற்றினான் அண்ணன்.

சிரிப்பு நின்றது. வேறு யாருக்கும் கேட்காத குரலில் தம்பி சொன்னான்:

“இன்னைக்கோட முடிச்சுக்கலாம்னு இருந்தேண்ணே... விட்டுறாத.”